கலங்காத இடம்

பதினாறு கண்ணாடி ஜாடிகள் மேசைமேல் வரிசையாக நின்றன. பதினைந்தில் சுண்ணாம்புப் பால் வெள்ளை வெளேரென்று இருந்தது. பதினொன்றாவதில் வெறும் தண்ணீர்.

சுஐபு அந்த ஜாடியை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். கலங்கல் இல்லை, அடியில் வண்டல் இல்லை, ஒரு பொடிகூட மிதக்கவில்லை. அதன் வழியே உப்பளத்து வரப்பும் உடைமரங்களும் அவற்றுக்குப் பின்னால் கடலும் வளைந்து தெரிந்தன. பக்கத்துக் கொட்டகையில் ஆயில் எஞ்சின் டொப் டொப்பென்று அடித்துக்கொண்டிருந்தது; பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் சளக்கென்று தட்டியது; அந்தச் சத்தத்துக்கு அடியில், எட்டடி அகலத் தொட்டிக்குள் சுண்ணாம்புப் பால் சுழலும் கனத்த சலசலப்பு.

"வீரபத்திரண்ணே! குழாயைக் கழுவின தண்ணியை அப்படியே ஜாடியில ஊத்திட்டியளா?"

தொட்டியையும் எஞ்சினையும் பார்த்துக்கொள்ளும் வீரபத்திரன் வாசலில் வந்து நின்றான். நாற்பத்தைந்து வயது. முழங்கை வரை சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது.

"இல்ல சார். ஒவ்வொரு வாட்டியும் கவுத்து வடியவிட்டுத்தான் இறக்குனேன். பதினொண்ணுல மட்டும்..."

"மட்டும்?"

"நான் கயித்த இழுக்கல சார். அதுக்கு முன்னாலயே மூடி தொறந்துக்கிருச்சு."

தொட்டியின் எந்த ஆழத்திலிருந்தும் மாதிரி எடுக்க ஒரு பித்தளைக் குழாய் வைத்திருந்தார்கள். வாயைத் தக்கை வைத்து அடைத்து, நீளக் கம்பில் கட்டி உள்ளே இறக்கி, வேண்டிய ஆழத்தில் கயிற்றை இழுத்தால் தக்கை கழன்று குழாய் நிறையும். இழுக்காமல் கழலாது.

"தக்கை தேஞ்சிருக்கும். மாத்துங்க" என்றான் சுஐபு. குரலில் எரிச்சல் ஏறியிருந்தது அவனுக்கே தெரிந்தது.

அது 1961-ஆம் வருடம், பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், கடலை ஒட்டி, சதக்கத்துல்லா மரைக்காயர் அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பாலைக் கலந்தால் வெண்ணிறப் பொடி ஒன்று பிரிந்து வரும். வயிற்று மருந்துக்கு அதை வாங்கிக்கொள்ள மெட்ராஸில் ஒரு கம்பெனி தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை, சுண்ணாம்புப் பால் தொட்டியின் மேலும் கீழும் ஒரே அடர்த்தியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பொடி ஒரு நாளைப் போல ஒரு நாள் வராது.

முன்பு ஆறு பெண்கள் தொட்டியைச் சுற்றி நின்று துடுப்புப் போட்டுக் கலக்கினார்கள். பாதி சுண்ணாம்பு அடியில்தான் கிடந்தது. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேலைக்கு வந்த சுஐபுதான் எஞ்சினும் விசிறியும் வைக்கச் சொல்லி மரைக்காயரிடம் மன்றாடினான். விசிறியின் படத்தை அவனே வரைந்தான். இப்போது அந்த ஆறு பெண்களும் சுண்ணாம்பு சுமந்தார்கள், சலித்தார்கள், அவன் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி அவனையே பார்த்தார்கள்.

எட்டு மாதமாக அந்தத் தொட்டி அவனைப் படுத்தியது. மெதுவாகச் சுற்றினால் சுண்ணாம்பு அடித்தரையில் மேடு கட்டியது. வேகத்தைக் கூட்டினால் நடுவில் பள்ளம் விழுந்து, தண்ணீரெல்லாம் விசிறியோடு சேர்ந்து கிறுகிறுவென்று சுற்றியதே தவிர மேலும் கீழுமாய்ப் புரளவில்லை. சுவரோரம் நாலு பலகைகளை நெட்டுக்குத்தலாகப் பதித்து அந்தச் சுழலை உடைத்தான். மூலையில் ஒதுங்கிய குருணையைச் சலித்து எடுத்தான். விசிறியை அடித்தரைக்கு அருகே இறக்கினான். ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒரு வழியும் இருந்தது. எல்லாம் சரியாகி, அடுத்த திங்கட்கிழமை மெட்ராஸ் ஆள் சோதிக்க வரப்போகிற நேரத்தில் இது. காரணமே இல்லாத ஒன்று.

செவ்வாய்க்கிழமை புதுத் தக்கை போட்டு எடுத்தார்கள். பதினொன்றாம் இடத்தில் அருமையான வெள்ளை. சுஐபு பெருமூச்சு விட்டான். பதின்மூன்றாவதில் வெறும் தண்ணீர்.

"அண்ணே, என்ன வெளையாட்டு இது?"

"எம் புள்ளைக மேல சத்தியமா இல்ல சார்."

"பின்ன எப்படி? சுத்திச் சுத்தி வர்ற தண்ணியில ஒரு இடம் மட்டும் எப்படிச் சும்மா நிக்கும்? தீயைப் போட்டு எரிச்சிக்கிட்டு நடுவுல ஒரு சாண் குளிர்ந்திருக்குங்கிற மாதிரி இருக்கு!"

வீரபத்திரன் தொட்டிமேல் கட்டியிருந்த பலகைப் பரணைப் பார்த்தான். பிறகு குழாயைச் சுவரில் சாத்திவிட்டு, "இனிமே நீங்களே இறக்கிக்கங்க சார். எஞ்சின நான் பாத்துக்கிறேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் எவ்வளவு அதட்டியும் அதற்குப்பின் குழாயைத் தொடவில்லை.

ஆகவே புதன்கிழமை சுஐபு தானே பரண்மேல் ஏறினான். காலுக்குக் கீழே விசிறியின் அதிர்வு பலகை வழியே குதிகாலில் ஏறியது. சுண்ணாம்பின் காரமான நெடி, எஞ்சினின் எண்ணெய்ப் புகை, காற்று திரும்பும்போதெல்லாம் கரையில் காயப்போட்ட கருவாட்டு வாடை. மேற்பரப்பு முழுவதும் ஒரே வெள்ளை. பலகைகளில் மோதிப் புரண்டு, நுரைத்து, மறுபடி விழுங்கிக்கொண்டது. அதைப் பார்த்து எதையும் சொல்லமுடியாது. ஒரு சாணுக்கு ஒரு இடம், ஒரு சாணுக்கு ஒரு ஆழம் என்று குழாயை இறக்கி எடுத்தான். பரணிலிருந்து இறங்கி ஊற்றி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முப்பத்திரண்டாம் தடவை, கயிற்றில் அவன் கை படுவதற்கு முன்பே குழாய்க்குள் தண்ணீர் ஏறும் களக் களக் சத்தம் கம்பு வழியே கேட்டது.

தக்கை தேயவில்லை. இறுக்கி அடித்திருந்தான்.

அவன் குழாயை வெளியே எடுத்தான். தெளிந்த தண்ணீர்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் இருநூறு மாதிரிகள் ஆகிவிட்டன. கட்டம் போட்ட தாளில் தொட்டியை நெட்டுக்கு வெட்டினாற்போல வரைந்து, வெள்ளை வந்த கட்டங்களை விட்டுவிட்டு, தெளிந்த கட்டங்களை மட்டும் நீலப் பென்சிலால் தீட்டினான். மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே ஆரம்பித்தது அந்த நீலம். முதலில் குறுகலாக. அப்புறம் இன்னும் குறுகி. அப்புறம் இரண்டு பக்கமும் சட்டென்று அகன்று, அகலம் மாறாமல் கீழே இறங்கி, பாதிக்குக் கீழே இரண்டாகப் பிரிந்தது. அடித்தரை வரை போயிற்று.

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். எங்கோ அளவு தப்பியிருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. எட்டு மாதத்துப் பாடு, காலேஜில் படித்த மூன்று வருடம், எல்லாம் இந்த ஒரு தாளில் வந்து பல்லைக் காட்டுவதாகத் தோன்றியது.

துடுப்புப் போட்ட ஆறு பேரில் மூத்தவளான பஞ்சம்மாள், சலித்த சுண்ணாம்பின் மூட்டைக் கணக்கைச் சொல்ல வந்தவள், மேசைமேல் எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு சார்?"

"எது?"

"இந்தப் படத்துல நிக்கிறது."

"படமில்ல. போய் வேலையப் பாருங்க."

அவள் போகவில்லை. "நாங்க துடுப்புப் போட்டப்ப அடியில தங்கும், மேல தெளியும், வாஸ்தவந்தான். ஆனா நடுவுல தண்ணி இப்படி ஒதுங்கி வழி விட்டதில்ல சார்."

அவன் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் திணித்தான்.

மாலையில் மரைக்காயர் வந்தார். வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்பு படாமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"என்ன தம்பி, ஆச்சா?"

"இன்னும் ஒரு சின்னக் கோளாறு இருக்கு முதலாளி."

"எட்டு மாசமா அதத்தான் சொல்றிய. ஒரு தொட்டித் தண்ணியக் கலக்கத் தெரியாமலா காலேஜுல படிச்சிட்டு வந்திய?" அவர் கத்தவில்லை, அதுதான் சுருக்கென்றது. "திங்கக்கிழமை சரியா வரலேண்டா தொட்டிய இடிச்சிட்டு, கொட்டகைய கருவாட்டுக்காரங்களுக்கு விட்டுர்றேன். இருவத்திரண்டு பேரு வேலை. நீங்களே அவங்ககிட்ட சொல்லிருங்க."

அன்றைக்குக் கொட்டகையைப் பூட்டும்முன் சுஐபு நான்கு நாளின் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தான். திங்கட்கிழமை அந்தத் தெளிந்த இடம் கடல் பக்கத்துச் சுவரோரம் இருந்தது. செவ்வாய் அங்கிருந்து விலகியிருந்தது. புதன் இன்னும் கொஞ்சம். வியாழன், அவன் மண்டியிட்டுக் குழாய் இறக்கும் பரணுக்கு நேர் கீழே.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு ஊர்ப்பள்ளியிலிருந்து ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்வது காற்றில் துண்டு துண்டாக வந்தது. மரைக்காயரும் கணக்கப்பிள்ளையும் போய்விட்டார்கள். மற்றவர்கள் உடைமர நிழலில் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தார்கள். சுஐபு போகவில்லை. போகாமல் இருந்ததில்லை அவன். அன்றைக்குக் கால் நகரவில்லை. ஐந்து நாளாகத் தன்னை அடி முட்டாளாக்கும் அந்த ஒரு முழ இடத்தைத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆத்திரம் நெஞ்சில் கட்டியிருந்தது. ஓட்டையா, ஊற்றா, அடியில் வெடிப்பா. எதுவானாலும் கைக்குத் தெரியாமல் போகாது.

வலது கையில் தோள்வரை நல்லெண்ணெயை அப்பிக்கொண்டான். பரணில் குப்புறப் படுத்தான்.

வெயிலில் கூரைத் தகரம் டக்கென்று தெறித்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விசிறி ஏழடிக்குக் கீழே, கைக்கு எட்டாது.

கையை விட்டான். சுண்ணாம்புப் பால் வெதுவெதுப்பாக இருந்தது. கூழைப்போலக் கனத்து, ஓட்டத்தோடு கையை ஒரு பக்கமாகத் தள்ளியது. குருணைகள் முழங்கையில் சுருக் சுருக்கென்று உரசின. மணிக்கட்டு, முழங்கை, அதற்கும் மேல்.

பிறகு எதுவும் தள்ளவில்லை.

விரல்கள் மட்டும் வேறெங்கோ போய்விட்டாற்போல இருந்தது. அங்கே ஓட்டம் இல்லை. குருணை இல்லை. சூடு இல்லை. கிணற்றடியின் குளிர்ச்சி. முழங்கையைச் சுற்றிச் சுண்ணாம்பு சீறிக்கொண்டு ஓட, விரல்கள் அசையாத தண்ணீரில் தொங்கின. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களை விரித்தான். வெடிப்பு இல்லை. ஊற்று இல்லை. இடப்பக்கம் துழாவினான். வலப்பக்கம்.

உள்ளங்கையோடு ஒரு உள்ளங்கை வந்து பொருந்தியது.

அவசரமில்லாமல். ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டது.

அவன் கத்தினானா என்று அவனுக்கே தெரியவில்லை. எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் தின்றது. முழங்காலை ஊன்றி, இடது கையால் பரணின் கட்டையைப் பற்றி, இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். கனத்தது. பிறகு கனம் சட்டென்று இல்லாமல் போய், மல்லாக்க விழுந்தான்.

கை வெளியே வந்துவிட்டது. தோள் வரை வெள்ளை. புறங்கையில் மட்டும் நான்கு கோடுகள், ஒரு துளி சுண்ணாம்பு ஒட்டாமல், பச்சைத் தோலாக.

வேட்டியால் அழுத்தித் துடைத்தான். கோடுகள் போய்விட்டன. தொட்டியின் மேற்பரப்பு புரண்டுகொண்டிருந்தது, எப்போதும்போல.

கொஞ்ச நேரம் கழித்து, வேறென்ன செய்வதென்று தெரியாமல், குழாயை எடுத்தான். பதினாறு இடம். பதினாறு ஜாடி. எல்லாம் வெள்ளை. சாண் சாணாக இறக்கினான். வெள்ளை. வெள்ளை. பரணுக்கு நேர் கீழேயும். தக்கை அவன் இழுத்தபோது மட்டும் கழன்றது. தெளியவிட்டு அளந்தபோது அத்தனை ஜாடியிலும் வண்டல் ஒரே உயரம், ஒரு நூல் கூடக் குறையவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த வீரபத்திரன் ஜாடிகளைப் பார்த்து வாயைப் பிளந்தான். "சரியாப் போச்சா சார்? என்ன செஞ்சீக?"

"விசிறியக் கொஞ்சம் திருத்தினேன்" என்றான் சுஐபு. சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு தானாகவே வந்தது, நிற்கவும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வீட்டில் மனைவி உம்மு ஹபீபா தேத்தண்ணியை நீட்டியபோது இடது கையால் வாங்கினான்.

"என்ன மச்சான், பீச்சாங்கையால வாங்குறிய?"

"சோத்தாங்கை மரத்துப் போயிருக்கு. சுண்ணாம்புல விட்டேன்."

அவள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று விட்டாள். "என்ன இப்படிச் சில்லிட்டுக் கெடக்கு!" தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தாள். இரண்டு நாள் தேய்த்தாள். குளிர் போகவில்லை. விரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல் பாதி மடங்கியே இருந்தன. ஆனால் சுஐபுவுக்கு மனம் லேசாகியிருந்தது. பயத்தில் நரம்பு இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். தொட்டி சரியாகிவிட்டது. அதற்கு மேல் யோசிக்க அவன் விரும்பவில்லை.

திங்கட்கிழமை மெட்ராஸ் ஆள் காலையிலேயே வந்துவிட்டார். தடித்த கண்ணாடி போட்டவர். தானே பரணில் ஏறி, தானே குழாயை இறக்கி, இருபது மாதிரி எடுத்தார். அளந்து பார்த்துவிட்டு, "நான் நாலு ஊரில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரே சீராகக் கலந்து பார்த்ததில்லை" என்றார். மரைக்காயர் சுஐபுவின் தோளில் கையைப் போட்டார். போட்டவர் ஏனோ உடனே எடுத்துக்கொண்டார். இருவரும் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது, "பின்னாலயே வாங்க தம்பி, பிரியாணி ஆறிரும்" என்றார்.

வீரபத்திரன் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனான். எட்டு மாதத்தில் முதல்முறையாகக் கொட்டகை அவ்வளவு அமைதியாக இருந்தது. சோதனைக்காகக் கொட்டகைக்குள் நகர்த்தியிருந்த மேசைமேல் சுஐபு ஜாடிகளை இடது கையால் அடுக்கினான். கொட்டகையின் கோடியில் பஞ்சம்மாள் தனியாக இருந்தாள். சலித்த சுண்ணாம்பு மூட்டையை அவிழ்த்துத் தொட்டியடிப் பெட்டியில் கவிழ்த்தாள். கூரையில் தகரம் பெயர்ந்த இடம் வழியே உச்சி வெயில் பாய் அகலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தூள் புகையாகக் கிளம்பி அந்த வெளிச்சத்துக்குள் வந்தது. அவனைச் சுற்றிலும் பரவியது. கோடிக்கணக்கான வெள்ளைப் பொடிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கி, சுழன்று, மேலே ஏறி, கீழே இறங்கின.

"சார்" என்றாள் பஞ்சம்மாள்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் பார்த்தாள்.

"சார். கைய உதறுங்க."

அவன் குனிந்து வலது கையைப் பார்த்தான். கையைச் சுற்றித் தூள் இல்லை. மடங்கிய விரல்களுக்குள் தூள் இல்லை. விரல்களிலிருந்து ஒரு வெற்றிடம் கிளம்பி, முழங்கையாக மடிந்து, தோளாக உயர்ந்தது. அதற்குமேல் கழுத்து. தலை. சுற்றிலும் தூள் புரண்டு புரண்டு வந்து அதன் விளிம்பைத் தொட்டு, ஒதுங்கி, வழி விட்டது. அவன் உயரம். அவன் பக்கத்தில். கைகோத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமையிலிருந்தே.

உதறினான். கை ஆடியது; அந்த இன்னொரு கையும் கூட ஆடியது.

பஞ்சம்மாள் ஓடினாள். மூட்டை சரிந்தது. அவள் காலடிச் சத்தம் மணலில் தேய்ந்து மறைந்தது.

தூள் மெல்லப் படியத் தொடங்கியது. ஒவ்வொரு பொடியாகத் தரையில் இறங்க இறங்க அந்த உருவம் மங்கியது. தலை போயிற்று. தோள் போயிற்று. வெறும் வெயில். எதுவுமே இல்லாதது போல.

குளிர் மட்டும் இருந்தது.

அவன் சரிந்த மூட்டையிலிருந்து இடது கையால் ஒரு பிடி அள்ளி மேலே எறிந்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தூள் விரிந்தது. அது இப்போது பக்கத்தில் இல்லை, எதிரில் நின்றது. ஒரு சாண் தூரம். அவனை நோக்கி.

தூள் இறங்கியது.

கண் எரிந்தது. இன்னொரு பிடி. இன்னும் கிட்டத்தில். அதன் தலை சற்றுக் குனிந்திருந்தது.

இறங்கியது.

மூன்றாவது பிடியை இருக்கிற பலமெல்லாம் கூட்டி எறிந்தான். வெள்ளை எழும்பி, கூரை வரை போய், வெளிச்சம் முழுக்க நிறைந்தது. அவன் தேடினான். எதிரில். பக்கத்தில். பின்னால். எங்கும் இடைவெளி இல்லை. மேலும் கீழும், அருகிலும் தூரத்திலும், எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தூள். எட்டு மாதமாக அவன் கேட்டது போலவே.

வலது கையில் குளிர் இல்லை. விரல்கள் தாமாக நிமிர்ந்தன.

அவன் குனிந்து பார்த்தான். ஜாடிகள் வெளுத்திருந்தன, மேசை வெளுத்திருந்தது, தரை வெளுத்திருந்தது. அவன் சட்டையில், கைகளில், கால்களில் ஒரு பொடி இல்லை. தூள் அவன்மேல் இறங்கி வந்தது. ஒரு விரற்கடை தூரத்தில் ஒதுங்கி, வழி விட்டு, தரைக்குப் போயிற்று.